அந்தப் பூ மட்டும் வாடியிருந்தது

ஐந்து நாள் ஊரில் இல்லை. மே மாதம், அக்கினி நட்சத்திரம் சென்னையை வறுத்துக்கொண்டிருந்த நேரம். கூடத்தில் இருக்கும் 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். நான்காம் நாள் இரவு போன் செய்தான். "மீனெல்லாம் நல்லாத்தான் சாப்பிடுது அங்கிள். அந்தப் பூ மட்டும் வாடின மாதிரி இருக்கு."

மறுநாள் வந்து பார்த்தேன். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எப்போதோ நின்றுபோயிருந்தது. வெப்பமானி 32 டிகிரி காட்டியது. ஆவியாகி ஆவியாகித் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. விளக்கு மட்டும் டைமர் சொன்னபடி தினமும் ஒன்பது மணி நேரம் தவறாமல் எரிந்திருக்கிறது. பாறை இடுக்கில் எப்போதும் தட்டு அகலத்துக்கு விரிந்திருக்கும் கடல் சாமந்தி, காற்றுப்போன பலூனாகத் துவண்டு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. தேன் கலந்த பழுப்பு நிறம் போய், தண்ணீர் கலந்த பால் போல வெளுத்திருந்தது. நடுவிலுள்ள வாய் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

பையன் பூ என்று சொன்னதில் தவறில்லை. தமிழில் அதற்குச் சாமந்தி என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்? கடைக்காரர்கள் அனிமோன் என்பார்கள். அதுவும் ஒரு பூவின் பெயர்தான். ஆனால் இது விலங்கு. பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவு. மூளை கிடையாது, உடல் முழுக்க வலைபோலப் பின்னிய நரம்புகள். இதயம் கிடையாது, எலும்பு கிடையாது. உண்பதற்கும் கழிவை வெளியேற்றுவதற்கும் ஒரே வாய். அடியில் பாறையைப் பற்றிக்கொள்ளும் பாதம், நடுவில் தூண் போன்ற உடல், மேலே வாயைச் சுற்றிக் கொட்டும் விரல்கள். என்னிடம் இருந்தது விரல் நுனிகள் குமிழாக உப்பும் வகை. 'பபிள் டிப்' என்று கேட்டால் கடையில் எடுத்துக் காட்டுவார்கள்.

எலும்பில்லாத உடலை நிமிர்த்தி வைத்திருப்பது தண்ணீர். வாயோரத்தில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் கடல்நீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், வாய் மூடிக்கொள்ளும், உள்ளே தேங்கிய நீரின் அழுத்தத்தில் உடல் விறைத்து நிற்கும். சைக்கிள் டியூபில் காற்று நிற்பது மாதிரிதான். இது புரிந்துவிட்டால் தொட்டி வைத்திருப்பவர்களின் பாதிப் பதற்றம் குறையும். நலமாக இருக்கும் சாமந்தியும் அவ்வப்போது வாயைத் திறந்து, பழைய நீரையும் பழுப்பு நூலாகத் திரண்ட கழிவையும் வெளியே விட்டுச் சுருங்கும். சில மணி நேரம் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். பிறகு புதுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு முன்பைவிட அழகாக விரியும். சுருக்கத்தைப் பார்த்த உடனே தொட்டிக்குள் கைவிட்டு அதை இழுத்துப் பார்க்கிறவர்கள்தான் நலமாக இருந்ததை நோயாளியாக்குகிறார்கள்.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. ஒரு நாளைக்கு மேலாகியும் வாய் மூடாமல் தொங்குவது, உள்ளுறை வாய்வழியே பிதுங்குவது, விரலை அருகே கொண்டுபோனாலும் ஒட்டாமல் வழுக்குவது, பாதம் பாறையை விட்டுவிட்டு உடல் நீரோட்டத்தில் புரள்வது. சதை நார்நாராகப் பிரிந்து, தொட்டியைத் திறந்ததும் அழுகல் நாற்றம் அடித்தால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. கையுறை போட்டு உடனே அள்ளி வெளியே எடுத்துவிட வேண்டும். அழுகும் சாமந்தியிலிருந்து கிளம்பும் அம்மோனியா ஓரிரவில் தொட்டியிலுள்ள மீன்களையும் கொண்டுபோய்விடும். கையுறை கட்டாயம். கொட்டும் செல்கள் உடல் செத்த பிறகும் வேலை செய்யும்.

என் சாமந்தியின் வாய் பிளந்திருந்தது, நிறம் போயிருந்தது. ஆனால் சுண்டுவிரல் நுனியால் ஒரு கொட்டும் விரலைத் தொட்டபோது மெல்ல ஒட்டியது. பழைய பிடி இல்லை; ஈரமான தபால்தலை ஒட்டுவதுபோல் ஒட்டி, இழுத்ததும் விட்டது. பாதமும் பாறையை விடவில்லை. அந்த ஒட்டுதல் போதும் என்று தோன்றியது.

நிறம் எங்கே போனது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தப் பழுப்பு சாமந்தியின் சொந்த நிறம் அல்ல. அதன் உள்தோல் செல்களுக்குள் லட்சக்கணக்கில் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகளின் நிறம் அது. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. 1881இல் கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் இவற்றுக்கு ஜூசாந்தெல்லா என்று பெயர் வைத்தார். வெளிச்சத்தில் இவை சர்க்கரை தயாரிக்கின்றன. அதில் பெரும்பங்கைச் சாமந்திக்குக் கொடுத்துவிடுகின்றன. சாமந்தி தன் கழிவில் உள்ள நைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் திருப்பிக் கொடுக்கிறது. வெப்பமண்டலக் கடலின் தெளிந்த, சத்துக் குறைந்த நீரில் இவ்வளவு பெரிய உடலோடு ஒரு விலங்கு வாழ முடிவது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

தண்ணீர் சூடாகும்போது பாசிக்குள் நடக்கும் ஒளிச்சேர்க்கை தடுமாறுகிறது. வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது. வரும் ஆற்றலைக் கையாளும் உறுப்புகள் பழுதாகிவிட்டன. மிஞ்சும் ஆற்றல், செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளாக மாறிக் கசிகிறது. உணவு தந்துகொண்டிருந்த குடித்தனக்காரர் விஷம் தரத் தொடங்கியதும் சாமந்தி அவரை வெளியேற்றுகிறது. பவளப்பாறைகள் வெளிறுவதும் இதே வழியில்தான். 2016இல் நம் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தபோது கடலில் நடந்ததுதான் என் கூடத்தில் சின்ன அளவில் நடந்திருக்கிறது. சூடு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது. சூடும் வெளிச்சமும் சேர்ந்ததுதான் கெடுத்தது. அதனால் தொட்டியருகே போய் நான் செய்த முதல் காரியம் விளக்கை அணைத்தது.

பிறகு சூட்டைத் தணிக்க வேண்டும். தணிக்கத்தான் வேண்டும், குளிரக் குளிர ஊற்றக் கூடாது. மூடி இறுக்கிய தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வைத்து, ஒவ்வொன்றாக, வடிகட்டி இருக்கும் கீழ்த்தொட்டியில் மிதக்கவிட்டேன். நீர்ப்பரப்பின்மேல் காற்று படும்படி ஒரு மேசை மின்விசிறி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். மாலைக்குள் 27க்கு வந்தது. காற்றுக்குமிழி விடும் சிறிய மோட்டாரையும் ஓடவிட்டேன். கடல்நீர் 25 டிகிரியில் தாங்கும் ஆக்சிஜனில் சுமார் பத்தில் ஒரு பங்கு 32 டிகிரியில் குறைந்துவிடுகிறது. உயிர்களுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடுகிறது. சூடான தொட்டியில் பல உயிர்கள் திணறித்தான் சாகின்றன.

அடுத்தது உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தங்கிவிடும். 250 லிட்டரில் 15 லிட்டர் குறைந்தால் 35 என்பது 37ஐத் தாண்டும். உப்பை அளக்கும் என் ரிஃப்ராக்டோமீட்டரும் அதைத்தான் காட்டியது. குறைந்த தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி நிரப்பிவிடக் கை துடிக்கும். எலும்பும் தோலுறையும் இல்லாத இந்த உடலுக்கு வெளியே உள்ள உப்பு சட்டென்று மாறினால் செல்களுக்குள் தண்ணீர் பாயும். இரண்டு நாளில், ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு 35க்குக் கொண்டுவந்தேன். ஆழ்துளைக் கிணற்று நீரை நான் தொட்டிக்குப் பயன்படுத்துவதே இல்லை. அதில் என்னென்ன கரைந்திருக்கும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். தாமிரம் கொஞ்சம் இருந்தாலும் இந்த வகை உயிர்களுக்கு நஞ்சு. மீன் நோய்க்கென்று விற்கும் பல மருந்துகளிலும் அதே தாமிரம்தான் இருக்கிறது.

அம்மோனியா சோதனைக் குழாயில் லேசான பச்சை தட்டியது. இருக்கவே கூடாத நிறம். வெளியேறிய பாசியும் சளியும் மக்கத் தொடங்கியிருந்தன. முந்தின நாளே கலக்கி வைத்த உப்புநீர் கைவசம் இல்லாததால் அன்றே கலக்கி, இரவு முழுக்கச் சுழலவிட்டு, வெப்பமும் உப்பும் தொட்டியோடு பொருந்துகிறதா என்று பார்த்து, மறுநாள் காலையில் 25 லிட்டர் மாற்றினேன். ஒருநாள் விட்டு இன்னொரு 25. நான்காம் நாள் சோதனைக் குழாய் மஞ்சளாகவே நின்றது. தொட்டி இரண்டு வருடப் பழையது. மணலிலும் பாறையிலும் குடியிருந்த பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் வேலையைக் கைவிடவில்லை. புதுத் தொட்டியாக இருந்திருந்தால் இந்தக் கதை இதற்குள் முடிந்திருக்கும்.

இரண்டு கோமாளி மீன்களும் ஒரு சிக்கல். பாதி உயிரில் கிடக்கும் சாமந்திக்குள் போய் உருண்டு புரள்வதை அவை நிறுத்தவில்லை. அவற்றுக்கு அது வீடு; வீட்டுக்கு உடம்பு சரியில்லை என்பது எப்படித் தெரியும்? வேறு தொட்டிக்கு மாற்றலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அதே தொட்டிக்குள் ஒரு வலைப்பெட்டியைத் தொங்கவிட்டு அதில் விட்டேன். காரணம் உண்டு. கோமாளி மீன் வெளியேற்றும் கழிவிலுள்ள சிறிதளவு அம்மோனியா, சாமந்திக்குள் இருக்கும் பாசிகளுக்கு உரம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேங்கினால் விஷமாவது, துளித்துளியாகக் கிடைத்தால் சத்து. மீனின் இடி வேண்டாம், அதன் உரம் மட்டும் தண்ணீரில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீரோட்டம் தரும் மோட்டாரின் வாய்க்கு நுரைப்பஞ்சு உறை போட்டேன். இடம் பிடிக்காத சாமந்தி பாதத்தால் ஊர்ந்து கிளம்பும். மூடப்படாத மோட்டாருக்குள் சிக்கித் துண்டாகிப்போன சாமந்திகள் ஏராளம்.

இதுவரை சரியாகச் செய்தேன். மூன்றாம் நாள் ஒரு தவறு செய்தேன். பாசி இல்லை என்றால் உணவு இல்லை, உணவை நாம்தான் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரு முழு இறாலை உரித்து அதன் மேல் வைத்தேன். கொட்டும் விரல்கள் எப்படியோ பற்றி வாய்க்குக் கொண்டுபோயின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் அந்த இறால் வெள்ளைச் சளியில் சுற்றப்பட்டு வெளியே கிடந்தது. சாமந்தி முன்பைவிடச் சுருங்கியிருந்தது. செரிப்பதற்கும் ஆற்றல் வேண்டும். பெரிய துண்டு உள்ளே அழுகத் தொடங்கினால் அதுவே புண்ணாகும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு விருந்துச் சாப்பாடு ஊட்டியது போன்ற காரியம். அதற்குப் பிறகு ஒரு வாரம் எதையுமே கொடுக்கவில்லை.

அந்த ஒரு வாரத்தில்தான் ஸ்காட்லாந்துப் பாட்டியின் கதையைத் திரும்பவும் படித்தேன். 1828இல் சர் ஜான் கிரஹாம் டேலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் நார்த் பெர்விக் கரையோரப் பாறையிலிருந்து ஒரு சிவந்த கடல் சாமந்தியை எடுத்துவந்து, எடின்பரோவில் தன் வீட்டில் ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்தார். வடிகட்டி இல்லை, மோட்டார் இல்லை, மின்சாரமே இல்லை. ஆள் வைத்துக் கடல்நீர் கொண்டுவரச் சொல்லித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். உணவு கொஞ்சம் மட்டிச் சதைதான். 1851இல் டேலியெல் இறந்துபோனார், சாமந்தி இறக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, 'கிரானி' (பாட்டி) என்ற பெயரோடு, எடின்பரோ அரச தாவரவியல் பூங்கா வரை போய், 1887இல்தான் செத்தது. சாடிக்குள் மட்டும் 59 ஆண்டுகள். இடையில் நூற்றுக்கணக்கான குட்டிகளையும் ஈன்றது.

கிரானி குளிர்க்கடல் வகை. அதற்குள் பாசி கிடையாது, வெளிச்சத்தை நம்பி அது வாழவில்லை. என் சாமந்தியின் தேவைகள் வேறு. ஆனாலும் அந்தச் சாடி எனக்கு ஒன்றைத் திட்டமாகக் காட்டியது. அதை வளர்த்தவர்கள் யாரும் பெரிதாக வைத்தியம் எதுவும் பார்க்கவில்லை. தண்ணீர் கெடுவதற்கு முன் மாற்றினார்கள், கொஞ்சமாகக் கொடுத்தார்கள், மற்ற நேரத்தில் சும்மா இருந்தார்கள். துவண்ட சாமந்தியின் உடலில் மிஞ்சியிருக்கும் பாசிகள் தாமாகப் பிரிந்து பெருக வேண்டும். அந்த வேலையை நம்மால் செய்யவும் முடியாது, விரைவுபடுத்தவும் முடியாது. அதுவரை தண்ணீர் நேற்றுப்போல் இன்றும் இருக்கும்படி காப்பது ஒன்றுதான் நம் கையில் உள்ளது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்: வீட்டுத் தொட்டிகளில் மீளக்கூடிய சாமந்திகளில் பலவற்றைக் கொல்வது நோயைவிட வளர்ப்பவரின் அவசரம்தான். இடம் மாற்றுவார்கள், மருந்து ஊற்றுவார்கள், விளக்கைக் கூட்டுவார்கள், மறுபடி இடம் மாற்றுவார்கள்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. கடலிலிருந்து பிடித்து, பல கை மாறி, புண்பட்ட பாதத்தோடு வந்து சேரும் சாமந்திகளுக்குப் பாக்டீரியாத் தொற்று வருவது உண்மை. அனுபவமுள்ள சிலர் தனித் தொட்டியில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். என்னுடையது சூட்டில் வெளிறியது. தொற்றுக்கு அடையாளம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மாத்திரையைக் கரைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் கொல்லும். வடிகாலில் ஊற்றும் தண்ணீர் வழியே மருந்துக்கு மசியாத கிருமிகளையும் வளர்க்கும். மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விளக்கை மூன்றாம் நாளிலிருந்து மறுபடி போட்டேன், பழைய வெளிச்சத்தில் கால் பங்கு. வெளிறிய உடலுக்கு உணவு வேண்டுமே, வெளிச்சத்தைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். முன்பு லட்சக்கணக்கான பாசிகள் ஒன்றுக்கொன்று நிழல் தந்து பகிர்ந்துகொண்ட வெளிச்சம், இப்போது மிஞ்சிய சிலவற்றின் மேல் முழுதாக விழும். அவையும் வெந்துபோகும். எனவே வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கூட்டினேன்.

பத்தாம் நாள் மறுபடி உணவு. இந்த முறை இறாலைப் பச்சைப்பயறு அளவுக்கு நறுக்கி, தொட்டியின் தண்ணீரிலேயே கழுவி, நீண்ட இடுக்கியில் எடுத்து, ஒரே ஒரு கொட்டும் விரலின் மேல் தொட்டும் தொடாமலும் வைத்தேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துணுக்கு அந்த விரலோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டுவது என்று நாம் பார்ப்பது உண்மையில் குத்துவது. ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் சுருட்டி வைத்த ஒரு நுண்ணிழை. தொட்டதும் ஈட்டிபோல் வெளியே பாயும். சாமந்தியின் உறவான ஹைட்ராவில் இந்தப் பாய்ச்சலின் முக்கியக் கட்டத்தை 2006இல் அதிவேகக் கேமரா வைத்து அளந்தார்கள். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அத்தனை வேகமான ஆயுதம் வைத்திருக்கும் விலங்கு, அதன் பிறகு செய்வதையெல்லாம் மிக நிதானமாகச் செய்தது. ஒட்டிய விரல் மெல்ல வளைந்தது. பக்கத்து விரல்கள் இரண்டு சாய்ந்து துணுக்கைத் தொட்டன. வாயின் உதடு அந்தப் பக்கமாக ஒரு மேடு எழுப்பி எதிர்கொண்டு வந்தது. மூடிக்கொள்ள நான்கு நிமிடம் ஆயிற்று. மூடிய வாய் மூடியே இருந்தது. அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். வாரம் இரண்டு முறை, அதே அளவு, அதற்குமேல் இல்லை.

மூன்றாம் வாரம் வாயின் பிளவு கோடாகச் சுருங்கியது. ஐந்தாம் வாரம் கொட்டும் விரல்களின் அடியில், உடலோடு சேரும் இடத்தில், தேநீர்க் கறைபோல ஒரு மங்கல் தெரிந்தது. கண்ணாடியில் அழுக்கோ என்று துடைத்துப் பார்த்தேன். பாசிதான். அங்கிருந்து மேலே பரவி, ஒரு விரலுக்குப் பின் ஒரு விரலாக நிறம் ஏறியது. பதினோராம் வாரம் நுனிகள் குமிழாக உப்பின. அதன் பிறகுதான் வலைப்பெட்டியைத் திறந்துவிட்டேன்.

கடலிலும் ஏறத்தாழ இவ்வளவு காலம் பிடிக்கிறது. 2016இல் எல் நினோ வெப்பம் பசிபிக்கில் மூரியா தீவைச் சுற்றியுள்ள சாமந்திகளை வெளிறச் செய்தபோது, அவற்றில் வசித்த கோமாளி மீன்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வெளிறிய வீட்டில் இருந்த மீன்களின் இரத்தத்தில் அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. பிழைக்கக்கூடிய முட்டைகள் 73 சதவீதம் குறைந்திருந்தன. வெப்பம் தணிந்து மூன்று நான்கு மாதங்களில் சாமந்திகளும் மீண்டன, மீன்களும் மீண்டன. அங்கே யாரும் அவற்றுக்கு இறால் ஊட்டவில்லை. தண்ணீர் பழையபடி குளிர்ந்தது, அவ்வளவுதான்.

சாமந்தி வாங்க நினைக்கும் உங்களிடம் மூன்று வேண்டுகோள். தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகாமல் வாங்காதீர்கள். கடையில் பளிச்சென்ற மஞ்சளிலும் ரோஜா நிறத்திலும் இருப்பவற்றில் பல, வெளிறியவற்றுக்குச் சாயம் ஏற்றியவை. அழகுக்கு மயங்கி அவற்றை எடுத்து வராதீர்கள். பபிள் டிப் வகை தொட்டியிலேயே தன்னை இரண்டாகப் பிளந்து பெருகக்கூடியது. அப்படிப் பிளந்த கன்று ஒன்றை, நெடுநாள் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். பவளப்பாறையிலிருந்து பெயர்த்து எடுக்கும் ஒவ்வொரு சாமந்தியோடும் கடலில் ஒரு கோமாளி மீன் குடும்பத்துக்கு வீடு போகிறது.